மகளின் போனில் ரகசிய ஆப் போடலாமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

கணவர் துபாயில் வேலை செய்கிறார். இரண்டு மகள்கள். மூத்தவளுக்கு 19 வயது, கோவையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இளையவளுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. பள்ளி வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது என்பதால் தாய்மாமன் அவளுக்கு ஓர் ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தார். சில மாதங்களாக இரவு ஒரு மணி வரை போனும் கையுமாக இருக்கிறாள். அம்மா அறைக்குள் வந்தால் திரையைக் கவிழ்த்து வைக்கிறாள். இன்ஸ்டாகிராமில் 'ஒரு அண்ணன்' தினமும் பேசுவதாகத் தோழி ஒருத்தி வாய்தவறிச் சொல்லியிருக்கிறாள். உறவினருக்குத் தெரிந்த மொபைல் கடைக்காரர், "4,000 ரூபாய் கொடுங்க, ஆப் போட்டுத் தர்றேன். அவ போன்ல நடக்கறது பூராவும் உங்க போன்ல வந்துடும், அவளுக்குத் தெரியவே தெரியாது" என்கிறார். 500 ரூபாய் முன்பணம் கொடுத்தாகிவிட்டது. 'மாடல் பார்க்கணும்' என்று அவர் கேட்டதால், மகள் பள்ளிக்குப் போயிருந்த நேரம் போனையும் பின் எண்ணையும் அரைமணி நேரம் கடையில் கொடுத்து வாங்கியிருக்கிறார்.

அவருடைய கேள்விகள் நான்கு. இந்த ஆப் உண்மையிலேயே வேலை செய்யுமா? போனைத் தொடாமல், நம்பரை வைத்தே செய்ய முடியும் என்று யூடியூபில் சொல்கிறார்களே, அது சரியா? பெற்ற தாய் பார்ப்பதில் சட்டச் சிக்கல் உண்டா? மூத்தவளுக்கும் சேர்த்துப் போட்டுவிடலாமா?

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். கணவர் வெளிநாட்டில் இருக்க, இரண்டு பெண்பிள்ளைகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறீர்கள். உங்கள் பயம் தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். 14 வயதுப் பெண்ணிடம் முகம் தெரியாத ஒருவன் நள்ளிரவில் பேசுகிறான் என்றால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. ஆனால் கடைக்காரர் விற்க நினைப்பது அந்தப் பயத்துக்கான மருந்து அல்ல. அவளுடைய போனை இப்போது இருப்பதைவிட ஆபத்தான பொருளாக அது மாற்றிவிடும். ஏன் என்று விளக்குகிறேன்.

அந்த ஆப் எப்படி வேலை செய்கிறது

நம்பரை மட்டும் வைத்து ஒருவர் போனுக்குள் நுழையும் ஆப் கடையிலும் கிடையாது, இணையத்திலும் கிடையாது. யூடியூபில் அப்படிச் சொல்பவர்கள் உங்கள் பணத்தைப் பிடுங்குவார்கள், அல்லது உங்கள் போனிலேயே வைரஸ் ஏற்றுவார்கள். பெகாசஸ் பற்றிச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். அது அரசாங்கங்களுக்குப் பெரும் தொகைக்கு விற்கப்படும் கருவி, 4,000 ரூபாய்க்குக் கிடைக்காது. கடைக்காரர் போடும் ஆப்புக்குப் போன் கையில் வேண்டும், பின் எண்ணும் வேண்டும். அதனால்தான் இரண்டையும் கேட்டு வாங்கியிருக்கிறார்.

வாட்ஸ்அப் செய்தி அனுப்புபவரின் போனில் பூட்டப்பட்டு, பெறுபவரின் போனில்தான் திறக்கும். ரகசிய ஆப் அந்தப் பூட்டை உடைப்பதில்லை. பூட்டு திறந்து எழுத்து திரையில் விழும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆண்ட்ராய்டில் 'அக்சஸிபிலிட்டி' என்றொரு வசதி உண்டு. பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டவும், கை அசைக்க முடியாதவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உருவானது அது. அந்த அனுமதி ஒரு ஆப்புக்குக் கிடைத்துவிட்டால், திரையில் தெரியும் எழுத்தையெல்லாம் அது படிக்கும், தட்டச்சு செய்வதைக் கவனிக்கும், தானே பொத்தானையும் அழுத்தும். இதோடு 'நோட்டிஃபிகேஷன் அக்சஸ்' என்ற அனுமதியும் சேர்ந்தால், வரும் செய்திகளின் அறிவிப்புகள் அனைத்தும் அதன் கைக்குப் போகும். பல போன்களில் வங்கி ஓடிபியும் அதில் அடக்கம். 18 வயது ஆகாதவர் பெயரில் சிம் தரமாட்டார்கள் என்பதால் மகளின் சிம் பெரும்பாலும் உங்கள் பெயரிலோ மாமா பெயரிலோ இருக்கும். அந்த எண் ஏதாவது வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தால் ஆபத்து பணத்துக்கும் வரும்.

போடும் முறையைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட ஆப் பிளே ஸ்டோரில் இருக்காது. ஒருவரை ஒளிந்திருந்து கண்காணிக்கும் ஆப்புகளைக் கூகுள் 2020 அக்டோபர் முதல் தன் கொள்கையிலேயே தடுத்துவிட்டது. பெற்றோருக்கான கண்காணிப்பு ஆப்புகளுக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் அவை தங்களை மறைக்கக் கூடாது, போனில் அறிவிப்பாகத் தொடர்ந்து தெரிய வேண்டும். அதனால் ரகசிய ஆப் போடுபவர் 'பிளே புரொடெக்ட்' என்ற காவலை முதலில் அணைப்பார். 'அறியாத ஆப்களை நிறுவு' என்ற அனுமதியைத் திறந்து, பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்ற உதவும் ஏபிகே கோப்பை ஏற்றுவார். ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து வந்த ஆப்புக்கு அக்சஸிபிலிட்டி அனுமதியைப் போன் எளிதில் தராது. 'கட்டுப்படுத்தப்பட்ட அமைப்பை அனுமதி' என்பதைத் தனியாகப் போய் அழுத்த வேண்டும், அதையும் செய்வார். பிறகு அக்சஸிபிலிட்டி, நோட்டிஃபிகேஷன், எப்போதும் இருப்பிடம், மைக், கேமரா. எளிதில் அழிக்க முடியாதபடி 'டிவைஸ் அட்மின்'. பேட்டரி சேமிப்பு அதை நிறுத்திவிடாமல் இருக்க விலக்கு. கடைசியில் ஐகானை மறைத்து, 'சிஸ்டம் சர்வீஸ்', 'வைஃபை சிங்க்' என்று ஏதாவது பெயர் வைத்துவிடுவார்.

வீட்டின் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இப்படிக் கழற்றி வைத்தபிறகு உள்ளே நுழைவது நீங்கள் மட்டும்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? நாளைக்கு யாரோ அனுப்பும் போலித் திருமண அழைப்பிதழ் ஏபிகே கோப்பை அவள் தொட்டால், தடுக்க அங்கே காவல் இல்லை.

சொன்னபடி வேலை செய்யுமா என்றால், கொஞ்ச நாள் செய்யும். பல சீன நிறுவனப் போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்புகளைத் தாமாகவே நிறுத்திவிடும். ஆண்ட்ராய்டு அப்டேட் வந்தால் சில அனுமதிகள் போய்விடும். அழைப்பைப் பதிவு செய்வது ஆண்ட்ராய்டு 10 முதல் கடினமாகிவிட்டதால், 'கால் ரெக்கார்டிங்' என்ற வாக்குறுதியில் பாதி நேரம் ஒருபக்கக் குரலோ வெறும் இரைச்சலோதான் கிடைக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்கும், போன் சூடாகும். ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு கேமராவோ மைக்கோ இயங்கினால் திரையின் மேல் மூலையில் பச்சைக் குறி தெரியும். 14 வயதுப் பிள்ளைகள் இதையெல்லாம் கவனிக்கிறவர்கள். 'தெரியவே தெரியாது' என்பது கடைக்காரரின் நம்பிக்கை மட்டுமே.

இன்னொன்று. சில கடைகளில் 'ஸ்பை ஆப்' என்ற பெயரில் விற்பது வெறும் வாட்ஸ்அப் 'லிங்க்டு டிவைசஸ்' வசதியாக இருக்கும். மகளின் வாட்ஸ்அப்பை வேறொரு கருவியில் கியூஆர் கோடு காட்டி இணைத்துவிடுவார்கள். இது வாட்ஸ்அப் இலவசமாகவே தருவது. அவள் அந்தப் பட்டியலைத் திறந்தால் இணைந்திருக்கும் கருவி அப்படியே தெரியும். அது உங்கள் கருவியா, கடைக்காரரின் கணினியா என்பதும் யோசிக்க வேண்டியது.

பதிவாகும் விஷயங்கள் எங்கே போகின்றன

உங்கள் கடிதத்தில் நீங்கள் யோசிக்காமல் விட்ட கேள்வி இதுதான், எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான். மகளின் படங்கள், செய்திகள், இருப்பிடம் எல்லாம் நேராக உங்கள் போனுக்கு வருவதில்லை. ஆப் நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கிருந்து ஒரு கணக்கின் வழியாக உங்களுக்குக் காட்டப்படுகின்றன. அந்தக் கணக்கைத் திறப்பவர் கடைக்காரர். பாஸ்வேர்டு அவருக்குத் தெரியும். 14 வயதுப் பெண்ணின் கேமரா, மைக், அவள் எப்போது எங்கே இருக்கிறாள் என்ற வரைபடம் இவ்வளவும் ஓர் அந்நிய ஆண் நினைத்தால் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கும். யாரோ ஒரு 'அண்ணனுக்கு' பயந்து இன்னொருவருக்குக் கதவைத் திறந்துவிடுகிறோம்.

அந்த நிறுவனங்களும் நம்பத் தக்கவை அல்ல. போலந்தில் இயங்கிய லெட்மீஸ்பை என்ற ஆப் 2023 ஜூனில் ஹேக் செய்யப்பட்டு, அது திருடி வைத்திருந்த செய்திகளும் அழைப்பு விவரங்களும் வெளியே போயின. சில வாரங்களில் கடையையே மூடிவிட்டார்கள். எம்ஸ்பை என்ற இன்னொரு கண்காணிப்பு ஆப் 2024-ல் கசிந்தபோது, வாங்கியவர்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதிய லட்சக்கணக்கான செய்திகள் வெளிவந்தன. 2021-ல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஸ்பைஃபோன் நிறுவனத்தைக் கண்காணிப்புத் தொழிலிலிருந்தே விலக்கி, ரகசியமாகச் சேர்த்த தரவை அழிக்கச் சொன்னது. இவையெல்லாம் பெயர் தெரிந்த நிறுவனங்கள். உள்ளூர்க் கடையில் ஏற்றும் ஏபிகே யாருடையது, சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்பது பெரும்பாலும் கடைக்காரருக்கே தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது

இளையவள் 18 வயதுக்குக் கீழே. நீங்கள் அவளுடைய பாதுகாவலர். அவள் போனுக்குக் கட்டுப்பாடு வைப்பதையும், தேவைப்பட்டால் வாங்கிப் பார்ப்பதையும் குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 'பெற்ற தாய்க்கு உரிமை இல்லையா' என்று கேட்டிருந்தீர்கள். பாதுகாக்கும் உரிமையும் கடமையும் உண்டு. ஆனால் அந்த உரிமை உங்களோடு நிற்கிறது. கடைக்காரருக்கு அது கைமாறாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 78, ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னணுத் தொடர்பையோ ஓர் ஆண் கண்காணிப்பதைப் பின்தொடர்தல் குற்றமாகப் பார்க்கிறது. முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. உங்களுக்குத் தெரியாமல் அவர் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தால் இந்த இடத்தில்தான் வந்து நிற்பார்.

மூத்தவள் விஷயத்தில் பதில் நேரானது: போடக் கூடாது. 19 வயதில் சட்டப்படி அவள் முழு வயது வந்தவள். அவள் அனுமதி இல்லாமல் அவள் போனில் ஆப் ஏற்றித் தகவல் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43, 66-இன் கீழ் வரக்கூடியது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பில் கட்டுவது நீங்கள் என்பதால் இது மாறிவிடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் சொன்னது அவளுக்கும் சேர்த்துத்தான். விடுதியிலிருந்து இரவு திரும்பும்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்றால், வாட்ஸ்அப்பில் 'லைவ் லொகேஷன்' அனுப்பச் சொல்லுங்கள். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று நேரத்தை அவளே தேர்ந்தெடுக்கலாம்.

இளையவள் விஷயத்தில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. யாராவது அவளை மிரட்டியோ ஆசைகாட்டியோ அந்தரங்கப் படம் எடுக்க வைத்திருந்தால், ரகசிய ஆப் அதையும் நகலெடுத்து வெளிநாட்டு சர்வரில் போட்டுவிடும், உங்கள் கணக்கிலும் சேமிக்கும். 18 வயதுக்குட்பட்டவரின் அப்படிப்பட்ட படத்தைச் சேகரிப்பதும் வைத்திருப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 67பி, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் பிரிவு 15 ஆகியவற்றோடு மோதும் விஷயம். சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பொன்றை 2024 செப்டம்பரில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம் இதில் மிகக் கண்டிப்பாகப் பேசியிருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்த ஒரு தாய் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: போனைச் சோதியுங்கள்

போன் அரைமணி நேரம் கடையில் இருந்திருக்கிறது. ஆப் ஏற்ற அந்த நேரம் தாராளமாகப் போதும். 'மாடல் பார்க்கத்தான் கொடுத்தேன்' என்று நீங்கள் எழுதியதை நம்புகிறேன், ஆனால் மாடல் பார்க்கப் பின் எண் தேவையில்லை. மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள்.

பிளே ஸ்டோரைத் திறந்து மேலே வலப்பக்கம் இருக்கும் படத்தைத் தொட்டு 'பிளே புரொடெக்ட்' போங்கள். அது அணைந்திருந்தால் அதுவே முதல் அறிகுறி. உயிர்ப்பித்து 'ஸ்கேன்' கொடுங்கள். அடுத்து செட்டிங்ஸில் 'அக்சஸிபிலிட்டி' போய், 'டவுன்லோடட் ஆப்ஸ்' அல்லது 'இன்ஸ்டால்டு சர்வீசஸ்' பகுதியில் ஏதாவது 'ஆன்' என்றிருக்கிறதா என்று பாருங்கள். நீங்களோ அவளோ போடாத பெயர் அங்கே ஆன் ஆகியிருந்தால் அதைத்தான் தேடுகிறோம். பிறகு ஆப்ஸ் பகுதிக்குள் 'ஸ்பெஷல் ஆப் அக்சஸ்' திறந்து நோட்டிஃபிகேஷன் அக்சஸ், டிவைஸ் அட்மின், 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' மூன்றையும் பாருங்கள். போன் நிறுவனத்துக்கு நிறுவனம் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் அந்தச் சொல்லைத் தட்டுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்து, தெரியாத கருவி இருந்தால் லாக் அவுட் செய்யுங்கள்.

சந்தேகமான ஆப் இருந்தால் அழிப்பதற்கு முன் அதன் பெயரும் அனுமதிகளும் தெரியும்படி இன்னொரு போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் உதவும். அழிக்கும் வரிசை முக்கியம்: முதலில் டிவைஸ் அட்மினை நீக்கி, பிறகு அக்சஸிபிலிட்டியை அணைத்து, அதன்பின் அன்இன்ஸ்டால். நேராக அன்இன்ஸ்டால் கொடுத்தால் பொத்தான் மங்கலாகவே இருக்கும், பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அழிய மறுத்தால் படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்துவைத்து 'ஃபேக்டரி ரீசெட்' செய்யுங்கள், அதாவது போனிலுள்ள எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக வாங்கிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஆப்களைப் பழைய பேக்கப்பிலிருந்து கொண்டுவர வேண்டாம், பிளே ஸ்டோரிலிருந்து புதிதாக ஏற்றுங்கள். பிறகு பின் எண், கூகுள் பாஸ்வேர்டு, இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு மூன்றையும் மாற்றுங்கள்.

அவளுக்குத் தெரிந்தே வைக்கும் கட்டுப்பாடு

கூகுள் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் இலவசம். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், இரவு எத்தனை மணிக்குப் போன் பூட்ட வேண்டும், எந்த ஆப் எவ்வளவு நேரம், புதிய ஆப் ஏற்ற உங்கள் அனுமதி, போன் இருக்கும் இடம் இவ்வளவையும் உங்கள் போனிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். செய்திகளைப் படிக்காது, அழைப்பைக் கேட்காது, திரையைக் காட்டாது. அது குறை என்று நீங்கள் நினைக்கலாம். இரவு ஒரு மணிப் பிரச்சினைக்கு உங்களுக்கு வேண்டியது பூட்டு, அது இதில் இருக்கிறது.

அமைக்கும் முன் மகளின் கூகுள் கணக்கில் பிறந்த தேதியைப் பாருங்கள். நிறையப் பிள்ளைகள் கணக்குத் தொடங்கும்போது ஏதோ ஒரு பழைய வருடத்தைப் போட்டிருப்பார்கள். கணக்கில் வயது 18-க்கு மேல் என்றிருந்தால் பெற்றோர் கண்காணிப்பை அமைக்க முடியாது. முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு அவள் போனில் செட்டிங்ஸ், கூகுள், 'பேரண்டல் கண்ட்ரோல்ஸ்' என்ற வழியில் போய், அவள் கணக்கைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ஜிமெயிலால் உள்நுழைய வேண்டும். நடுவில் அவளுடைய பாஸ்வேர்டையும் சம்மதத்தையும் கேட்கும். அதனால் இதை ஒளித்துச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். அவள் பின்னால் கண்காணிப்பை நிறுத்த முயன்றால் உங்களுக்குத் தெரிய வரும்.

எங்கே ஓட்டை விழும் என்பதையும் சொல்கிறேன். ஃபேமிலி லிங்கின் இணையதளத் தடை குரோம் பிரவுசரில்தான் வேலை செய்யும். வேறு பிரவுசர் இருந்தால் அதைத் தனியாகத் தடுக்க வேண்டும். இன்ஸ்டாகிராம் ஆப்புக்கு மட்டும் நேரம் வைத்துவிட்டு இணையதளத்தை விட்டுவிட்டால் குரோமில் திறந்துகொள்வார்கள். வீட்டில் பழைய போன் ஏதாவது அலமாரியில் கிடந்தால் கட்டுப்பாடெல்லாம் வீண். வீட்டில் வைஃபை இருந்தால் ரூட்டரின் அமைப்பில், இணையதளங்களின் முகவரியைத் தேடித் தரும் 'டிஎன்எஸ்' என்ற இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று போடுங்கள். ஆபாசத் தளங்களும் வைரஸ் பரப்பும் தளங்களும் வீடு முழுவதுக்கும் தடைபடும். மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ, இணையத்தை வேறு வழியில் சுற்றிப் போகவைக்கும் விபிஎன் போட்டாலோ இந்தத் தடை வேலை செய்யாது.

இன்ஸ்டாகிராமுக்கு வருவோம். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கான 'டீன் அக்கவுண்ட்' இந்தியாவில் 2025 பிப்ரவரியில் வந்தது. கணக்கு பிரைவேட்டாக இருக்கும், தொடர்பில் இல்லாத அந்நியர் நேராகச் செய்தி அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் ஓயும். 16 வயதுக்குக் கீழ் இந்த அமைப்பைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். நீங்களும் ஒரு கணக்குத் தொடங்கி 'சூப்பர்விஷன்' அழைப்பு அனுப்பி அவள் ஏற்றுக்கொண்டால், கடந்த 7 நாட்களில் யாரோடு பேசினாள் என்ற பட்டியல் தெரியும். பேசியது என்ன என்பது தெரியாது. அந்த 'அண்ணன்' பட்டியலில் இருக்கிறானா என்று அறிய இது போதும். இங்கேயும் பிறந்த தேதி பொய்யாக இருந்தால் எந்தப் பாதுகாப்பும் செயல்படாது.

ஆப்பே இல்லாத ஒரு வழியும் உண்டு. இரவு 9.30-க்கு வீட்டிலுள்ள எல்லாப் போனும் கூடத்தில் சார்ஜ் போட வேண்டும், உங்கள் போனும் சேர்த்து. 'அலாரம் வைக்கணும்' என்பாள், ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வகுப்புக் குழுவில் உங்கள் எண்ணையும் சேர்க்கச் சொல்லி ஆசிரியரிடம் கேளுங்கள். 'ஹோம்வொர்க் பாக்கறேன்' என்ற காரணம் இரவு பத்து மணிக்கு மேல் எழாது.

அந்த 'அண்ணன்' யார்?

இதை எந்த ஆப்பும் உங்களுக்காகக் கேட்டுத் தராது. திட்டுவதற்கென்று இல்லாமல், சமையலறையிலோ வண்டியில் போகும்போதோ, முகத்துக்கு நேரே பார்க்காத ஓர் இடத்தில் ஆரம்பியுங்கள். "கண்ணு, நீ என்ன பண்ணியிருந்தாலும் உன்னை அடிக்கமாட்டேன், போனையும் புடுங்கமாட்டேன். யாரோ பேசறான்னு கேள்விப்பட்டேன். போட்டோ ஏதாச்சும் கேட்டானா? அம்மாகிட்டச் சொல்லாதேன்னு சொன்னானா?" இந்த இரண்டு கேள்விகள்தான் முக்கியம். சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள். போன் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மிரட்டலை மாதக்கணக்கில் மறைக்கிறார்கள். தோழியின் பெயரை வெளியே விடாதீர்கள்.

வகுப்புத் தோழனின் அண்ணனாகவோ, விளையாட்டில் பழக்கமான பையனாகவோ இருக்கலாம். ஆனால் நேரில் பார்த்திராதவன், இன்ஸ்டாவிலிருந்து டெலிகிராமுக்கோ ஸ்நாப்சாட்டுக்கோ வரச் சொன்னவன், ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தவன், படம் கேட்டவன், ரகசியமாக வைக்கச் சொன்னவன் என்றால் அது வலைவிரிப்பு. அப்போது அவசரப்பட்டு உரையாடலை அழிக்காதீர்கள், உடனே பிளாக்கும் செய்யாதீர்கள். முதலில் அவனுடைய பயனர் பெயர், புரொஃபைல் இணைப்பு, தேதி நேரத்தோடு செய்திகள், பணம் கேட்டிருந்தால் யுபிஐ எண் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மகளின் அந்தரங்கப் படம் ஏதாவது இருந்தால் அதை மட்டும் நகலெடுக்காதீர்கள். 'ஆதாரம்' என்று உங்கள் கணவருக்கோ உங்கள் கூடப்பிறந்தவருக்கோ அனுப்பவும் வேண்டாம். அது அவள் போனிலேயே இருக்கட்டும், காவல்துறை எடுத்துக்கொள்ளும். மிரட்டலுக்குப் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த நாளும் கேட்பான்.

1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் இயங்கும். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் குழந்தைகள் சார்ந்த குற்றத்துக்குப் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். படம் பரவும் பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையச் சேவை உண்டு. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. போனிலேயே அதற்கு ஒரு குறியீடு உருவாகி, அது மட்டும் போகும். அதை வைத்து, சேவையில் சேர்ந்திருக்கும் தளங்கள் படத்தைத் தேடி நீக்குகின்றன.

காவல் நிலையம் என்றாலே பெண்பிள்ளை பெயர் கெடும் என்று பயப்படுவீர்கள். போக்சோ சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே, சீருடை இல்லாமல், முடிந்தவரை ஒரு பெண் அதிகாரி எடுக்க வேண்டும். பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரோ பள்ளியோ ஊடகத்தில் வரக் கூடாது. குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தபிறகு தெரிவிக்க வேண்டியது சட்டப்படி கடமையும்கூட.

நாளை கடைக்காரரிடம் 'ஆப் வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள். 500 ரூபாய் திரும்பி வரவில்லை என்றால் அதற்காகப் போனை மறுபடி அவர் கையில் கொடுத்து வாதாட வேண்டாம். அவர் குறித்து வைத்திருக்கும் பின் எண் இன்றிரவே மாறியிருக்கட்டும். புதிய எண்ணை மகளே தேர்ந்தெடுத்து, உங்களுக்கும் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கட்டும்.